கௌளி சொன்ன கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு இதுவரை ஒருத்தரும் நல்ல சேதி சொல்ல வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு." அந்த வசனத்தை ஒருமுறையாவது சொல்லியிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பதினெட்டு வயது. தி.நகரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் கடை. முதலாளி சுடலைமுத்து அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். என்னோடு வேலை பார்த்தவன் தேவா, சைதாப்பேட்டை. நான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்ததைவிடக் குரல் பிடித்ததுதான் அதிகம். அண்ணாச்சி குரலில் தேவாவை அதட்டுவேன். தேவா குரலில் கீழே டீக்கடைக்கு நாலு டீ சொல்லுவேன். மனிதர்கள் தீர்ந்துபோனதும் மெஷின்களில் இறங்கினேன். பிரிண்டர் பேப்பரை மெல்லும் சத்தம் சுலபம். என் தலைசிறந்த படைப்பு, சாகப்போகும் ஹார்ட் டிஸ்க்.

போனில் வைத்தியம்

ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். முதலில் மந்தமாகும். ஒரு ஃபைல் திறப்பதற்குள் காபி குடித்து டம்ளரையும் கழுவிவைத்துவிடலாம். அப்புறம் ஃபைல் பெயர்கள் கோழி கிளறியதுபோல ஆகும். கடைசியில் 'டக்... டக்... டக்' என்று ஒரு சத்தம். உள்ளே படிக்கிற முனை, இடம் தெரியாமல் போய்ப் போய்த் திரும்புகிறது என்று அர்த்தம். அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான்: உடனே ஆஃப் பண்ணிக் கடைக்குக் கொண்டுவருவது. நம் ஜனங்கள் செய்தது வேறு. பெட்டியின் தலையில் ஒரு தட்டு, மறுபடி ஆன், மறுபடி ஒரு தட்டு.

இதற்கு அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். போன் வந்தால் ரிசீவரை என் கையில் கொடுத்துவிடுவார். ஒன்றாம் நம்பர், தூசி அடைத்த ஃபேன்: விர்ர்ர். இரண்டாம் நம்பர், ஃப்ளாப்பி: கர்ர்ர்க். மூன்றாம் நம்பர், டிஸ்க்: டக் டக். வீட்டில் கேட்பது எந்த நம்பர் என்று அவர்கள் சொல்லவேண்டும். பாண்டி பஜார் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மூன்றையும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூணாவதுதான் தம்பி, அச்சு அசல் அதேதான். லைன்லயே இருங்க, எங்க வீட்டம்மாவும் கேக்கட்டும், நான் சொன்னா நம்ப மாட்டா."

தேவாவின் முதுகுக்குப் பின்னால்

மூன்றாம் நம்பரை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. தேவா ஒரு மெஷினைத் திறந்து வேலையில் மூழ்கியதும், பலகைத் தடுப்புக்குப் பின்னால் குந்திக்கொண்டு மெல்ல ஆரம்பிப்பேன். டக்... டக்... தேவா தேள் கொட்டியவன்போலத் துள்ளி, பாய்ந்து ஒயரைப் பிடுங்குவான். நான் வாயைப் பொத்திக்கொண்டு உருளுவேன்.

ஒரு வாரம் துள்ளினான். அப்புறம் நிறுத்திவிட்டான். எவ்வளவு தத்ரூபமாகச் செய்தாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கலைஞனுக்கு இதைவிட என்ன அவமானம்? போய்க் கேட்டேன். சால்டரிங் வைத்துக்கொண்டே சொன்னான்: "மச்சி, இனிமே டக்கு டக்குன்னு வந்தா மெஷின ஆஃப் பண்ண மாட்டேன், உன்னத்தான் ஆஃப் பண்ணுவேன்!"

மாமி வீட்டுக் கௌளி

மயிலாப்பூரில் கமலா மாமி வீட்டிலிருந்தபடியே கல்யாணத்துக்கு ஜாதகம் சேர்த்துக்கொடுத்துவந்தார். கம்ப்யூட்டர் எங்கள் கடையில் வாங்கியது. விற்ற அன்றைக்கு அண்ணாச்சி, "இனிமே நோட்டே வேண்டாம் மாமி, எல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்கும்" என்று வாயைக் கொடுத்துவிட்டார். மாமி அதை அப்படியே எடுத்துக்கொண்டு, கடைசி ஜாதகத்தையும் டைப் அடித்த மறுநாள் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார். நகல் என்று ஒரு ஃப்ளாப்பிகூடக் கிடையாது. எத்தனையோ வீட்டுக் கல்யாணம் அந்த ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தது.

மார்கழி பாதியில் மாமி போன் பண்ணினார். கம்ப்யூட்டர் ரொம்ப மந்தமாம். தை பிறந்தால் வாசலில் கூட்டம் நிற்குமாம். நான் வழக்கப்படி மூன்று சத்தமும் செய்துகாட்டினேன். மூன்றாவதுக்கு மாமி பூரித்துப்போனார். "அட, எங்காத்துக் கௌளி மாதிரியே பண்றியேடா!" கௌளி என்றால் பல்லி. பத்து நாளாக, ஜாதகம் சேர்க்க உட்கார்ந்தாலே கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து அது சொல்கிறதாம், அத்தனையும் நல்ல சகுனமாம். ரிசீவரைப் பொத்திக்கொண்டு இதை மாமி குரலிலேயே நடித்துக்காட்டினேன். அண்ணாச்சியும் தேவாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மெக்கானிக் என்று மூன்று பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. போனை வைக்குமுன் மாமி சொன்னார்: "நாளைக்கு ஆட்டோல அனுப்பறேன், மந்தத்தை மட்டும் சரிபண்ணுங்கோ, கௌளி எங்காத்துலேயே இருக்கட்டும்."

வாயில் பஜ்ஜி

மறுநாள் மெஷின் வந்தது. தேவா அதை ஆன் பண்ணி, டிஸ்க்கைப் பரிசோதிக்கும் புரோகிராமை ஓடவிட்டுப் பக்கத்தில் வேறொரு வேலையில் உட்கார்ந்தான். நான் கீழே இறங்கிப் பஜ்ஜி வாங்கினேன். திரும்பி மாடிப்படி ஏறும்போதே கேட்டது: டக்... டக்... ஓஹோ, தேவா என்னையே மிமிக்ரி பண்ணுகிறான் என்று ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது.

உள்ளே போனேன். தேவா திரும்பாமலே, "டேய், கம்முனு கெட. கால் மணி நேரமா கத்திக்கினே கீற" என்றான். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது, வாயில் ஒரு முழு வாழைக்காய் பஜ்ஜி. திரும்பிப் பார்த்தான். என் உப்பிய கன்னத்தைப் பார்த்தான். சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சிதான் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். "ஏலே, இனி ஒருத்தனும் தொடப்பிடாது."

மறுநாள் காலையில் இன்னொரு மெஷினில் புது டிஸ்க்கோடு சேர்த்து மாட்டி, வேறு எதையும் தொடாமல் ஜாதகங்களை மட்டும் வரிசையாக நகல் எடுத்தோம். ஆங்கில எழுத்துவரிசையில் மீனாட்சிகள் வரைக்கும் வந்துவிட்டார்கள். நாராயணனில் டிஸ்க் கடைசியாக ஒரு டக் சொல்லி அடங்கிவிட்டது. வைதேகி வரை அத்தனை பேரும் போச்சு. தேவா என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "மச்சி, நீ மட்டும் பஜ்ஜி துன்னாம வந்திருந்தா, மீனாட்சியும் அம்பேல் ஆவுற வரைக்கும் நான் உன்னியே திட்டிக்கினு இருந்திருப்பேன்."

மாமி குரலில் மாமி

மூன்று பேரும் மயிலாப்பூர் போனோம். அண்ணாச்சி என்னை முன்னால் தள்ளிவிட்டார். நான்தான் சொன்னேன், தேவாவை ஏமாற்றிய கதை உட்பட. மாமி கம்ப்யூட்டர் இருந்த வெற்று மேஜையைப் பார்த்தார். "அப்போ அது கௌளி இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு நிலைமையைச் சொன்னார். தொலைந்த விஷயம் வெளியே தெரிந்தால் ஒரு வீடும் மறுபடி ஜாதகம் தராது. போன் டைரியைப் பார்த்து ஒவ்வொரு வீடாக மாமியே போன் பண்ணிக் கேட்டாகவேண்டும். தைக்குள் அத்தனை பேரிடம் பேச மாமியின் தொண்டை தாங்காது. சட்டென்று என் பக்கம் திரும்பினார். "என் குரல்ல பேசுவியோன்னோ? உக்காரு."

போகி வரைக்கும் உட்கார்ந்தேன். "நான் கமலா மாமி பேசறேன். கொழந்தை ஜாதகத்தை ஒருதரம் சரிபார்த்துக்கலாம்னு..." புது டிஸ்க் போட்டு மாமி மேஜைக்கே திரும்பிவந்த கம்ப்யூட்டரில் தேவா டைப் அடித்தான். மாமி பக்கத்தில் வெந்நீர் குடித்துக்கொண்டு, நான் ராகம் தப்பினால் தொடையில் கிள்ளுவார். மந்தைவெளியில் ஒருவர், "ஜலதோஷம் விட்டுடுத்தா மாமி? குரல் நன்னா இருக்கே" என்றார். அதற்கும் ஒரு கிள்ளு விழுந்தது.

கடைசியாக வைதேகி வந்தாள். இரண்டு செட் ஃப்ளாப்பி எடுத்தோம். ஒன்று மாமியின் பூஜை அலமாரிக்கு, ஒன்று எங்கள் கடைக்கு. 'அப்பாடா' என்று தேவா சோம்பல் முறித்த அந்த நொடியில் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து வந்தது: டக்... டக்... டக்... தேவா என் வாயைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். டியூப்லைட் ஓரத்தில் கொழுத்த பல்லி ஒன்று, வாலை ஆட்டிக்கொண்டு. மாமி யாரையும் பார்க்கவில்லை, வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஸ்விட்சைப் பார்த்து ஓடினார்: "கௌளியா இருந்தாலும் சரி, நீயா இருந்தாலும் சரி, மொதல்ல ஆஃப் பண்ணுங்கோடா!"

இன்றைக்கும் எங்கே பல்லி சொன்னாலும் நான் சகுனம் பார்ப்பதில்லை, பேசாமல் ஒரு நகல் எடுத்துவைத்துவிடுகிறேன்.