ஜன்னலுக்காக எழுந்த பேராசிரியர்

1925 மே மாதத்தில் லெமுவெல் ஹாஸ்கின்ஸுக்கு வயது அறுபத்து மூன்று. அயோவாவில் எங்கள் ஊர்க் கல்லூரியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர். லத்தீன் இனி கட்டாயப் பாடம் இல்லை என்று ஆசிரியர் குழு தீர்மானித்தால் அவர் வேலை போய்விடும். ஓட்டு இழுபறி என்பது ஊருக்கே தெரியும்.

அந்த வாரம் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து பாதியில் எழுந்தார்.

"அந்த உருளைக்கிழங்கையாவது முடிச்சிட்டுப் போ, லெம். அது எங்கயும் ஓடிடாது," என்றார் மனைவி கோரா.

"நான் ஓடிடுவேனோன்னுதான் பயமா இருக்கு."

ரயில் நிலையம்வரை நடந்தார். வண்டி வந்தது, போனது. ஏறாமல் திரும்பி, மருந்துக்கடையில் சோடா விற்கும் மேடையருகே, ஊர்ப் பத்திரிகைக்காரனான என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய பழைய மாணவர், வக்கீல் டெல்மர் ப்ரௌட்டி, முதுகில் தட்டினார்.

"கவலைப்படாதீங்க புரபசர், நாங்க உங்க பக்கம்தான். என்னை ஆளாக்கினதே உங்க லத்தீன்தான்!"

"எப்படி ஆக்கிச்சு?"

"கட்சிக்காரன்கிட்ட ரெண்டு லத்தீன் வார்த்தையை எடுத்து விடுவேன். மறுபேச்சு பேசாம ஃபீஸைக் குடுத்துடுவான்."

கடையே சிரித்தது. ஹாஸ்கின்ஸும் சிரித்தார். சோடாவைத் தொடாமல் வெளியேறினார்.

எங்கள் கல்லூரியில் ஓட்டுக்குக் கை தூக்குவதில்லை. தீர்மானத்துக்குச் சம்மதம் என்றால் எழுந்து நிற்க வேண்டும். எதிர்ப்பு என்றால் உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை, செய்திக்காகப் போன நான் சுவரோரம் நின்றேன். அறை புழுங்கியது. கல்லூரித் தலைவர் ட்ரம்போ, நின்றவர்களை நோக்கிப் பென்சிலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஹாஸ்கின்ஸ் எழுந்து போய் ஜன்னலைத் தள்ளினார். பென்சில் அவரையும் சேர்த்துக்கொண்டது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

"அய்யய்யோ, அந்த ஆள் காத்துக்காக எழுந்தாருய்யா!" என்று கத்தினார் கணித ஆசிரியர் ஃபென்டன். "அது ஓட்டே இல்ல!"

"புரபசர், எதுக்கு எழுந்தீங்க?" என்றார் ட்ரம்போ.

"ஜன்னலுக்குத்தான்."

"அப்ப உட்காருங்க. மறுபடி எண்ணிடலாம்."

ஹாஸ்கின்ஸ் தன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"எழுந்தது ஜன்னலுக்கு. இப்ப நிக்கிறது ஓட்டுக்கு. என் லத்தீன் டெல்மரை ஆளாக்கினதே போதும். எண்ணிக்குங்க."

ஃபென்டன் அதன்பின் அவரோடு பேசவில்லை. ஜூனில் ஹாஸ்கின்ஸின் வேலை முடிந்தது. செப்டம்பரில் அவருடைய வகுப்பறையில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள்.