கோட்டுப் போட்ட கிருஷ்ணராசா

லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் யேசுரட்ணத்தை 'நோர்வே அண்ணை' என்றுதான் சொல்வார்கள். லண்டனுக்கு வந்து, பஸ் ஓட்டி, ஓய்வும் பெற்றாயிற்று. ஆனாலும் நோர்வேயின் வடக்கில், ஒரு மீன் தொழிற்சாலையில் கழிந்த இளமை அவரை விடவில்லை. பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக அங்கிருந்து வந்தவர். அதைப் பெருமையாகவும் சொல்லமாட்டார், குறையாகவும் சொல்லமாட்டார்.

சென்ற மாரிக் குளிரில் நோர்வே தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து இங்கிரிட் என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். அந்த மீன்பிடி ஊரின் பழைய பதிவுகளோடு அங்கே வேலை செய்த தமிழர்களின் படங்களையும் சேர்த்து வைக்கப் போகிறார்களாம். அவரிடம் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இருந்தது. தொழிற்சாலை வாசலில், றப்பர் ஏப்ரனும் நீளச் சப்பாத்துமாக, அவரையும் சேர்த்து ஒன்பது பேர். வேறு பிரதி இல்லை. ஆனால் ஒன்பது உடம்புக்கு எட்டு முகங்கள்தான். கூட வேலை செய்த கிருஷ்ணராசா பனியில் கார் சறுக்கி இறந்தபோது அவனுடைய வேறு படம் எவரிடமும் இருக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவு மலருக்கு முகம் வேண்டும். யேசுரட்ணத்தின் மனைவி பெர்னடெற் கத்தரிக்கோலை எடுத்து வட்டமாக வெட்டிக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஸ்ரூடியோக்காரன் அந்த முகத்துக்குக் கோட்டும் ரையும் மாட்டிப் பெரிதாக்கினான். உயிரோடு இருக்கும்வரை கோட்டே போடாதவன், செத்தபிறகு மாப்பிள்ளையானான்.

"ஓட்டையோட இதை அரசாங்கத்துக்கு அனுப்பேலாது," என்றார் யேசுரட்ணம்.

"அப்ப அலுமாரிக்குள்ள வைச்சுக் கும்பிடுங்கோ," என்றாள் பெர்னடெற்.

அவர் படத்தையும் நினைவு மலரையும் பக்கத்து மிச்சம் பகுதியில் கலியாணப் படம் எடுக்கும் வருணிடம் கொண்டுபோனார். மலரிலிருந்த முகத்தை வருண் கணினியில் எடுத்து ஓட்டையில் பொருத்தினான்.

"அங்கிள், கொலரும் நாடியும் ஒட்டிப்போய்க் கிடக்கு. கொலரை எடுத்தா நாடியும் போயிடும்."

"போனாப் போகட்டும் எண்டு விடவோ? நாடி இருக்கட்டும்."

எட்டுப் பேர் மீன் செதிலோடு நிற்க, நடுவில் ஒருவன் ஏப்ரனுக்கு மேலே ரை கட்டி நின்றான். பெர்னடெற் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தாள். "இவர் ஆர், மீன் வெட்ட வந்தவரோ, முதலாளியோ?"

மின்னஞ்சலில் படத்தைப் பெற்ற இங்கிரிட்டும் ஏறக்குறைய அதையேதான் கேட்டாள். அவர் நடந்ததைச் சொன்னதும், அசல்தான் வேண்டும், ஓட்டையோடு அனுப்புங்கள் என்றாள். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் அந்த வடக்கு ஊர்கள் எரிக்கப்பட்டன. பதிவுகளும் பல எரிந்தன. எரிந்ததைக் காப்பகம் இட்டுக்கட்டி நிரப்புவதில்லை, இல்லை என்றே குறித்து வைக்கிறது என்றாள். படத்துக்குப் பக்கத்தில் நின்றவர் யார், முகம் ஏன் இல்லை என்று எழுதுவார்களாம்.

இதை அவர் இரக்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. இது ஒரு வேலைமுறை, ஆட்கள் மாறினாலும் நிற்கும். ஆனால் மனிதரின் இரக்கம் ஒரு தலைமுறைக்கு மேல் நின்றதையும் அவர் அதிகம் கண்டதில்லை.

இருந்தாலும் கிருஷ்ணராசாவை முகமில்லாமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அதற்குச் சம்மதம் சொல்ல வேண்டியவள் அவனுடைய தங்கை நகுலேஸ்வரி. லண்டனின் மறுபக்கம், செவன் கிங்ஸில் இருக்கிறாள். போனார். அவளுடைய வீட்டுக் கூடத்தில் கோட்டுப் போட்ட அண்ணன், மாலையோடு தொங்கினான். வெட்டிய கதையைச் சொல்லி அவர் நீட்டிய அசல் படத்தை அவள் அதற்கு முன் ஒருநாளும் கண்டதில்லை.

"வெட்டின துண்டு எங்க, யேசு அண்ணை?"

"ஸ்ரூடியோவிலயே துலைஞ்சு போச்சு, தங்கச்சி."

அவள் படத்தை மடியில் வைத்துக் குனிந்தாள். அழப்போகிறாள் என்று அவர் பயந்தார். அவளோ விரலால் கிருஷ்ணராசாவின் சப்பாத்தைத் தொட்டாள். படத்தில் அவன் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"கோயில்லயும் இப்பிடித்தான் நிப்பார். கொக்கு மாதிரி நில்லாதையெண்டு அம்மா ஏசுவா." சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு காலமும் அந்த ரை கட்டினவருக்குத்தான் பூ வைச்சனான். அது ஆரோ. இதுதான் எங்கட அண்ணை."

"அப்ப, முகமில்லாமல்?"

"ஓம், இப்பிடியே போகட்டும். பேரை மட்டும் வடிவா எழுதச் சொல்லுங்கோ."

மறுநாள் யேசுரட்ணம் இங்கிரிட்டை அழைத்தார். துருப்பிடித்த நோர்வே மொழியில், இடமிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். ஐந்தாவது கிருஷ்ணராசா; முகம், அவர் இறந்தபோது நினைவு மலருக்காக வெட்டியெடுக்கப்பட்டது. அவள் எழுதியதைத் திருப்பி வாசித்தாள். சரியாக இருந்தது. அவருக்கு அது போதும்.

குசினிக்குள்ளிருந்து பெர்னடெற் கத்தினாள். "வெட்டினது ஆரெண்டும் போடச் சொல்லுங்கோ! நான் வெட்டேக்க பக்கத்தில நிண்ட உங்கட காதில ஒரு கீறல் விழுந்ததோ?"

அவர் படத்தைத் தூக்கித் தன் காதைப் பார்த்தார். முழுசாகத்தான் இருந்தது. அவளுடைய பெயரையும் இங்கிரிட்டிடம் சொன்னார்.