வேர்க்கும் சுவர்

மகன் வீடு திரும்பச் சற்றுப் பிந்தினாலும் என் உள்ளங்கை வேர்த்துவிடும். யுத்தம் முடிந்து எவ்வளவு காலம் அம்மா என்று அவன் சிரிப்பான். கொட்டாஞ்சேனைக் கிட்டங்கியைப் பற்றி அவனுக்கு நான் சொன்னதில்லை.

யுத்த காலத்தில் என் அம்மாவின் தம்பி அங்கே ஸ்டோர் கீப்பர். வெள்ளைக்காரர் காலத்தில் சரக்கு வைக்கக் கட்டிய செங்கல் கட்டடம். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை அதைக் காட்ட என்னைக் கூட்டிப்போனார். வெள்ளவத்தையில் பஸ் ஏறப் புறப்படும்போது தமிழர் என்று தெரியாதிருக்க அம்மா வழக்கம்போல என் பொட்டையும் மாமாவின் திருநீற்றையும் துடைத்துவிட்டாள். திருநீறு அவர் சட்டையில் கொட்டிவிட்டது. அதுவும் வெளியே தெரியக் கூடாது. அவசரமாகச் சட்டை மாற்றினார். அடையாள அட்டை பழைய சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது.

மாமாவுக்கு அந்தக் கட்டடத்தின்மேல் முதலாளியைவிடப் பெருமை. முழத்துக்கு மேல் தடித்த சுவர்கள். உத்தரமே இல்லாமல் கல்லைக் கல் நெருக்கியே நிற்கும் வாசல் வளைவுகள். கப்பலில் வந்த இரும்புத் தூண்கள் உள்ளே வெறும் குழாய். கூரையில் விழும் மழை அவற்றுக்குள்ளால் இறங்கும். கதவுத் திறப்புகள் கோர்த்த வளையத்தை ஆட்டியபடி, "தொட்டுப் பார் பிள்ளை, சுவர் வேர்க்கும்," என்றார். தொட்டேன். ஈரம். செங்கலில் ஊறிய உப்பு என்றார்.

அப்போது ஆமி ட்ரக் ஒன்று வாசலில் நின்றது. மாமா சட்டைப்பையைத் தடவினார். மறுபடியும் தடவினார். பிறகு என் கையைப் பற்றி, "விடாதை. தமிழில ஒண்டும் கேக்காதை," என்றார்.

வெளியே ஆமிக்காரர், பக்கத்துக் கட்டடத்து ஆட்களில் அட்டை இல்லாதவர்களை வேறாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்த அதிகாரி, மேலே என்ன, வேறு வழி உண்டா என்று கேட்டான். சிங்களத்தில் பதில் சொல்லத் தொடங்கிய மாமா நிறுத்தவேயில்லை. வளைவுகள், உச்சியில் வட்டச் சன்னல் என்று உல்லாசப் பயணிக்குக் காட்டுபவர்போலக் காட்டிக்கொண்டே போனார். எனக்குச் சலித்துவிட்டது. அதிகாரி துவக்குக் குழலால் தூணைத் தட்டினான். வெறுமையாக ஒலித்தது. உள்ளே என்ன என்றான்.

மழை, சேர், என்றார் மாமா.

அவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். சிரித்தான். என் தலையைத் தடவிவிட்டு, அட்டையைக் கேட்காமலே வெளியேறினான். ட்ரக் பக்கத்துக் கட்டடத்தில் அட்டை இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

"மாமா, உங்கட கையும் சுவர் மாதிரி வேர்க்குது," என்றேன்.

"ஓம் பிள்ளை, சுவரைப் பிடிச்சனான் எல்லே."

நம்பினேன். சுவரைத் தொட்டது நான் மட்டும்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.