வளர்ற பிள்ளைக்கு ஒரு கிட்டார்

எங்கள் வீட்டில் எனக்கென்று எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார்கள். "வளர்ற பிள்ளை" என்று அப்பா சொல்லிவிட்டால் ஜவுளிக்கடையிலும் செருப்புக்கடையிலும் அதற்குமேல் பேச்சு கிடையாது. ஷூவின் நுனியில் பஞ்சு அடைத்துக்கொண்டு நடப்பதும், சீருடைப் பாவாடையின் கீழ்மடிப்பை வருடத்துக்கு ஒருமுறை பிரித்துவிடுவதும் திண்டுக்கல்லில் எந்தப் பிள்ளைக்கும் புதிதல்ல. ஆனால் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அப்பாவுக்கு அந்தக் கிறுக்கு முற்றிவிட்டது. மழைக்கோட்டு வாங்கினார், அது தரையைக் கூட்டியது. ஷூ வாங்கினார், எவ்வளவு பஞ்சு அடைத்தும் காலைவிட்டுக் கழன்றது.

"அந்தக் கோட்டுக்குள்ள இன்னொரு பிள்ளையையும் வச்சு அனுப்பலாம் மச்சான்" என்று மாமா கேலி செய்தார். அப்பா சிரிக்கவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், கணக்கு டீச்சருக்குப் பயம், எல்லாவற்றையும்விட மேடைக்குப் பயம். பள்ளி ஆண்டுவிழாவில் பாட்டு ஒப்பிக்கப் போய், முதல் வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டு, அழுதபடி இறங்கி வந்தவள். அப்பா வெல்டிங் பட்டறையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து அதைப் பார்த்திருந்தார். அவர் பார்க்க ஒரு தடவையாவது எதையாவது முழுதாகச் செய்து முடிக்க வேண்டும் என்பது என் மனத்தில் முள்ளாகக் கிடந்தது. அப்போதுதான் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தும் அக்கா, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கிட்டார் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் ஒரு பாட்டுக்குப் பிள்ளைகளே வாசிக்க வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை, கை வேலை மட்டும்தான் என்றதும் நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.

பேகம்பூர் பக்கம் தவில், ஆர்மோனியம் எல்லாம் விற்கும் கடைக்கு அப்பா என்னை வண்டியில் கூட்டிப்போனார். கடைக்கார பாய் என்னை முக்காலியில் உட்காரவைத்து ஒரு சின்னக் கிட்டாரை மடியில் வைத்தார்.

"தோளத் தூக்காம வலது கைய மேல போடு பாப்பா. இந்தக் கையால அந்தக் கோடி வரைக்கும் தொடு. முழங்கை மடங்குதுல்ல? அப்பச் சரி. முக்கால் சைஸுண்ணே இது, பாப்பாவுக்கு அளவெடுத்தாப்புல இருக்கு."

உண்மையாகவே அது என் மடியில் வந்து பொருந்திக்கொண்டது. என் வாழ்க்கையில் பஞ்சு அடைக்காமல் எனக்குச் சரியாக இருந்த முதல் பொருள் அதுதான்.

"இது எத்தன வருசத்துக்கு வரும்?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டு வருசம் தாராளமா வரும். அப்புறம் பாப்பாவக் கூட்டிட்டு வாங்க, பெருசு எடுத்துக்கலாம்."

"அப்ப யாரு கூட்டிட்டு வாரது?" என்றார் அப்பா.

"நீங்கதேன்!" என்று பாய் சிரித்தார். அப்பா சுவரில் மாட்டியிருந்த கிட்டார்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றைக் காட்டி, "அது முழு சைஸா? அதுக்கு மேல இருக்கா?" என்றார்.

"அதுக்கு மேல சைஸே கெடையாதுண்ணே. எம்புட்டு வளந்தாலும் அதேன் கடைசி."

"அப்ப அதையே குடுங்க."

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்ணே. பிள்ளைக்கு எட்டாது."

"வளர்ற பிள்ளை பாய்" என்றார் அப்பா. பேச்சு முடிந்துவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் அது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பெரிய ஆள் போல உட்கார்ந்து வந்தது. சனிக்கிழமை வகுப்பில் அதை மடியில் வைத்தால் என் தாடை அதன் விளிம்பில் இடித்தது. வலது கையைப் போட அரிசி மூட்டையைக் கட்டிப்பிடிப்பது மாதிரி பிடிக்க வேண்டியிருந்தது. இடது கையை முழுக்க நீட்டினாலும் விரல் கம்பியில் அழுந்தவில்லை. கம்பி வண்டு மாதிரி இரைந்தது. அக்கா பார்த்துவிட்டு, "அடுத்த வாரத்துக்குள்ள மாத்திட்டு வா. இல்லாட்டி கேரலுக்கு உனக்கு டேம்பரின்தான்" என்றார். டேம்பரின் என்பது எதுவும் வராத பிள்ளைகளின் கையில் குலுக்கக் கொடுக்கும் சலங்கை வளையம்.

அப்பாவிடம் சொன்னேன். "பழகிக்கத்தா" என்று மட்டும் சொன்னார். கத்தரிக்காய் ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால்கூடச் சண்டைக்கு வரும் அம்மா, இதற்கு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்த நாட்களில் வீட்டில் எல்லாரும் தணிந்த குரலில் பேசினார்கள். அப்பா அடிக்கடி திருச்சிக்குப் போய்வந்தார். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னை வகுப்பிலிருந்து நிறுத்தப்போகிறார்கள், அதற்குத்தான் இத்தனை ரகசியம் என்று நான் முடிவுகட்டி, சாமிக்கு ஏகப்பட்ட பொருத்தனைகள் வைத்தேன்.

கடைசியில் அக்காதான் வழி கண்டார். கேப்போ என்ற கவ்வியைக் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கட்டைகளில் மூன்றைத் தள்ளிக் கவ்வவைத்தார். எட்டவேண்டிய தூரம் குறைந்துவிட்டது. எனக்காக மற்ற பிள்ளைகளின் கிட்டாரிலும் அதையே மாட்டி, பாட்டையே சுருதி ஏற்றிவிட்டார்.

கேரல் அன்று என் நெற்றியும் ரிப்பனும் மட்டும்தான் கிட்டாருக்கு மேலே தெரிந்ததாம். இரண்டாம் சரணத்தில் தோள் மரத்துப்போய், ஒரு கம்பி இரைந்தது. பயத்தோடு எட்டிப் பார்த்தேன். அப்பா பெஞ்சில் உட்காராமல் தூணோரம் நின்று, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். போச்சு, அவ்வளவு தப்பாக வாசித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை, முடிவுவரை வாசித்தேன்.

"கிட்டாரு தானா வாசிச்சிச்சு, அதுக்குப் பின்னால யாரும் இருந்தாங்களா?" என்று மாமா கேட்டார். அன்றைக்கும் அப்பா சிரிக்கவில்லை.

பொங்கல் லீவு முடிவதற்குள் பட்டறையை மூடிவிட்டு அப்பா குவைத்துக்கு வெல்டர் வேலைக்குப் போனார். இரண்டு வருடத்தில் வந்துவிடுவார் என்றார்கள். இரண்டு வருடம் முடிந்தது, ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள். கோட்டும் ஷூவும் எனக்குச் சிறிதாகி, சித்தி மகளுக்குப் போய்விட்டன.

வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, படிப்பைக் கேட்கிறாரோ இல்லையோ, கிட்டாரைக் கேட்பார்.

"இப்ப அளவு எப்படியிருக்கு?"

"இன்னும் கொஞ்சம் பெருசாத்தாம்ப்பா இருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார். அவர் முகம் மலர்ந்துவிடும். பெரிதாக வாங்கி மாட்டிக்கொண்டவருக்கு அதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தேன். தாடை இடிக்கவில்லை. தோள் தூக்கவில்லை. கழுத்தின் கோடியைத் தொட்டபோது முழங்கை மடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்து, போன் வந்ததும் அம்மா கையிலிருந்து பிடுங்கி, "அப்பா, கிட்டாரு இப்பக் கரெக்டா இருக்குப்பா! கேப்போ கூட வேண்டாம்!" என்று கத்தினேன். அவர் துள்ளிக் குதிப்பார், வாங்கியது வீண்போகவில்லை என்று மாமாவிடம் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அப்பா போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் என்னையே பார்த்தார்.

"அதுக்குள்ளயா?" என்றார்.