பார்வதியின் தைராய்டு மாத்திரை

இன்று பழவங்காடி மருந்துக்கடையில் என் மனைவி பார்வதிக்குத் தைராய்டு மாத்திரை வாங்கினேன். எதில் செய்தது என்று சும்மாதான் கேட்டேன்.

"ஆட்டோட கழுத்துச் சுரப்பியை உலர்த்திப் பொடிச்சதாக்கும், சாமி. நிறுத்தினா பழைய வீக்கம் திரும்பிடும், கேட்டீங்களா" என்றார் கடைக்காரர்.

ஜட்கா வண்டி வலியசாலையில் எங்கள் வீடு சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். முகம் வீங்கி, குரல் தடித்து, ஒரு வருஷம் படுத்தே கிடந்தவள். இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாள். வெங்காயம்கூடத் தொடாதவளிடம் இதைச் சொன்னால் மாத்திரையைத் தொடுவாளா? சொல்லாமல் கொடுப்பது சரியா?

என் முகத்தைப் பார்த்தே என்னவென்று கேட்டுவிட்டாள். சொன்னேன்.

"டாக்டர் என்னண்டை அன்னிக்கே சொல்லிட்டார். தெரிஞ்சா நீங்க வாங்கித் தரமாட்டேளோன்னு பயந்துதான் மறைச்சேன்" என்றாள்.

அடுத்து என் அம்மா, மாத்திரை எதில் செய்தது என்று கேட்பாள். நம்பும்படியான பொய் தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.