பவுடர் பூச முதல் எடுத்த படம்

அந்தக் கமராவைக் கிணத்துக்குள்ள எறியத்தான் முதல் போனனான். சமாதான காலத்தில கனடாவில இருந்து வந்த மச்சான், ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடியில பொதி எல்லாத்தையும் அவிட்டுக் காட்டிக் கடந்து, கொண்டுவந்து தந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கிளிநொச்சியில பொம்பிளை ஒராள் நடத்தின ஸ்ரூடியோ எண்டால் அது என்ர தான். பிலிம் கமராவில கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற எனக்கு, இதில எடுத்ததெல்லாம் ஒண்டில் சுண்ணாம்பு, இல்லாட்டில் கரி. கோதாரியில போன சாமான் எண்டு அதோட வந்த புத்தகத்தைத் தூக்கிச் சுவரில அடிச்சன். மச்சான் சிரிச்சுக்கொண்டு பொறுக்கி எடுத்தான்.

அவன் சொல்லித் தந்ததில ஒண்டுதான் மண்டையில ஏறினது. கமரா படத்தைச் சமைச்சும் தரும், சமைக்காமலும் தரும். சமைக்காததுக்குப் பேர் ரோ. அது அரிசி மாதிரி. அரிசி இருந்தால் கஞ்சியும் வைக்கலாம், புக்கையும் பொங்கலாம். சோறாக்கினதைத் திரும்ப அரிசியாக்கேலாது. கொம்பியூட்டரில என்ன கூத்தாடினாலும் ரோ அப்பிடியே கிடக்கும், அதை மட்டும் அழிச்சுப் போடாதை எண்டான். நான் எல்லாத்தையும் சீடியில எழுதி ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள போட்டு வைச்சன்.

புதுக் கமராவுக்கு முதல் பெரிய வேலை அக்கராயனில ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடு. தாய் தனிய நிண்டு வயல் செய்யிற மனுசி. புருசன் இல்லை, ஒரே பிள்ளை. வாயும் நீளம், கையும் நீளம். நான் பார்த்துக்கொண்டு நிக்கவே, மாலை சரிஞ்சு போச்செண்டு அந்தப் பெட்டைக்குத் தலையில குட்டு விழுந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நல்ல நாளில ஏன் சண்டை எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன்.

தண்ணி வார்த்து முடிய, சோடிக்க உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போக முதல், வெளிச்சம் பார்க்கிறதுக்காக அவளை வேலிக்கரையில நிப்பாட்டி ஒரு படம் எடுத்தன். ஈரத் தலை, பவுடர் இல்லை, நகை இல்லை. முதுகுக்குப் பின்னால நல்ல வெயில். பழகாத கை எண்டபடியால் முகம் ஒண்டும் விழேல்லை, வெறும் கறுப்பு. அவள் எட்டிப் பார்த்து, அக்கா என்னை அடுப்புக்கரி ஆக்கிப் போட்டியள் எண்டு பகிடி பண்ணினாள்.

அடுத்த கிழமை தாயும் மகளும் ஸ்ரூடியோவுக்கு வந்தவை. எங்கட சனத்திட்ட ஒரு வழக்கம் இருக்கு. கலியாணவீடோ சாமத்தியவீடோ, பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ எண்டு கேக்காத தாய் இல்லை. படம் வெளிநாட்டுக்குப் போகும், நாளைக்கு மாப்பிளை பகுதி பார்க்கும். இவாவும் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து, இன்னும் வெள்ளை, இன்னும் வெள்ளை எண்டா. பிறகு மகளின்ர இடது கண்ணுக்குக் கீழ இருந்த தழும்பைக் காட்டி, அதையும் எடுத்து விடச் சொன்னா. என்னெண்டு வந்ததெண்டு கேட்டன். வேலிக்கம்பி கிழிச்சதாம். பெட்டை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டாள். நான் சொன்னபடி துடைச்சன். அல்பத்தில வந்தது புடவைக் கடைக் கண்ணாடிக்குள்ள நிக்கிற பொம்மை. தாய்க்குச் சரியான புளுகம், வாயெல்லாம் பல்லு.

சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு ஆர் சாமத்தியவீடு செய்தது? என்ர கமரா செத்தவீட்டுக்குத்தான் போய் வந்தது. பெட்டியைச் சுத்திச் சொந்தக்காரர் நிக்கிற படம், வெளியில இருக்கிற பிள்ளையளுக்கு அனுப்ப. காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்த குடும்பத்தைக் கிபிர் விமானம் குண்டு போட்டு அடிச்சு, பின்னேரம் சாக்கில அள்ளினதைப் பார்த்திருக்கிறன். எனக்குப் பயம் வரேல்லை, விசர்தான் வந்தது. வானத்தைப் பார்த்து வாயில வந்த தூசணமெல்லாம் கொட்டினன். பக்கத்தில ஐயர் நிண்டதையும் பார்க்கேல்லை.

அக்கராயனுக்கு ஆமியின்ர செல்லடி கிட்ட வர, அந்தத் தாயும் மகளும் இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்குக் கிழக்கால தறப்பாள் கொட்டில் ஒண்டில இருந்தவை. நானும் ஸ்ரூடியோவைக் கழட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலுக்கு வந்திட்டன். ஒரு நாள் காலமை அந்தப் பெட்டை தண்ணி அள்ளப் போன இடத்தில செல் விழுந்தது. உடம்பு கிடந்ததாம். முகம் இல்லையாம்.

செத்தவீடெண்டால் எங்களுக்கு முகம் பார்க்கிறதுதான். பெட்டி திறந்து கிடக்கும். வாறவை முகத்தைப் பார்த்துத்தான் அழுவினம், கடைசியாய்த் தாய் பார்த்தாப் பிறகுதான் மூடுறது. இந்தப் பெட்டியை முதலே ஆணி அடிச்சு மூடிப்போட்டினம். மேல ஒரு படம் வைச்சால், வாற சனத்துக்கு அதுதான் முகம்.

மத்தியானம் அந்தத் தாய் சைக்கிளில வந்தா. கண்ணில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அல்பத்தை என்ர மேசையில எறிஞ்சா.

"இதில ஒரு பக்கத்திலயும் என்ர பிள்ளை இல்லை, தங்கச்சி. வாற சனம் ஆரின்ர முகத்தைப் பார்க்கிறது? பின்னேரம் பெட்டியை எடுக்கப் போறம். எனக்கு அவளின்ர முகம் வேணும்."

நீங்கள்தானே வெள்ளையாக்கச் சொன்னனீங்கள் எண்டு வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினன். பங்கருக்குள்ள இருந்த பிஸ்கட் ரின்னை எடுத்தன். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய்தான். அது பெற்றோல் ஒரு சொட்டாவது விடாமல் எழும்பாது. விட்டும் எழும்பேல்லை. காலால உதைஞ்சன். பிறகு எழும்பினது.

லப்டொப்பில ஒவ்வொரு ரோவாய்த் திறந்தன். அதில என்ர வெள்ளை இல்லை, ஆனால் அண்டைக்கு முகத்தில பூசின பவுடர் அப்பிடியே இருந்தது. தாய் எல்லாத்துக்கும் தலையாட்டி, இல்லை எண்டா. கடைசியில அந்தக் கரிப் படம் வந்தது. இது ஆர் எண்டு கேட்டா. பொறுங்கோ எண்டு சொல்லி வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டினன். முதல் பல்லு வந்தது. பிறகு நெத்தியில ஒட்டின ஈரமயிர். படம் பொரிபொரியாய் இருந்தாலும் உள்ளுக்கு இருந்த பிள்ளை வெளியில வரத் தொடங்கினாள்.

அந்த நேரம் தூரத்தில ஆமி செல்லைக் குத்தி ஏவுற சத்தம் கேட்டது. பங்கருக்கு வாங்கோ எண்டு கத்தினன். மனுசி கதிரையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு படத்தையே பார்க்குது. நான் தலைமயிரில பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்ப் பங்கருக்குள்ள தள்ளி, மேல விழுந்தன். செல் கூவிக்கொண்டு வந்து பக்கத்துக் காணிக்குள்ள விழுந்தது. மண் கொட்டுப்பட, அவா ரெண்டு கையாலயும் என்ர நெஞ்சில குத்தினா. பிள்ளையைத் தனிய விட்டிட்டு வரப் பண்ணிப் போட்டியே எண்டு குத்தினா. குத்தட்டும் எண்டு கிடந்தன்.

வெளியில வர, கொட்டில் தகரமெல்லாம் பொத்தல். பக்கத்துக் காணி மாடு குடல் சரிஞ்சு, இன்னும் காலை அடிச்சுக்கொண்டு கிடந்தது. ஜெனரேற்றர் மட்டும் நிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. லப்டொப்பில அந்தப் பிள்ளை பாதி முகத்தோட நிண்டாள்.

தாய் பழையபடி பக்கத்தில இருந்தா. இந்த முறை, இன்னும் கறுப்பு, இன்னும் கறுப்பு எண்டா. வயலுக்குள்ள வெயிலில நிக்கிறவள் இந்த நிறமில்லை எண்டா. நிறம் சரி வந்தவுடன, பழக்கத்தில என்ர கை அந்தத் தழும்பைத் துடைக்கப் போனது. அவா என்ர மணிக்கட்டைப் பிடிச்சா. சரியாய் நொந்தது.

"அதைத் தொடாதேங்கோ. அது வேலிக்கம்பி இல்லை. பால் பொங்கி ஊத்துப்பட்டுப் போச்செண்டு நான் அகப்பைக்காம்பால அடிச்சது."

எனக்கு அவாவை அடிக்கவும் வேணும் போல இருந்தது, கட்டிப் பிடிக்கவும் வேணும் போல இருந்தது. ரெண்டும் செய்யேல்லை. பிறிண்டரில மிச்சம் இருந்த மை முழுக்க விட்டு அடிச்சுக் குடுத்தன்.

பின்னேரம் நானும் போனன். மூடின பெட்டிக்கு மேல ஈரத் தலையோட சிரிச்சுக்கொண்டு நிண்டாள். சனம் வரிசையாய் வந்து முகம் பார்த்தது. தழும்பைப் பற்றி ஆரும் கேக்கேல்லை. ஆனால் வந்த ஒவ்வொரு ஆளுக்கும் தாய் அதில விரலை வைச்சு, இது நான் அடிச்சது எண்டு சொன்னா. திரும்பக் குத்துற சத்தம் கேட்க, சனம் அப்பிடியே நிலத்தில படுத்தது. நானும் படுத்தன். அவா படுக்கேல்லை. படத்தை எடுத்து நெஞ்சோட பொத்திப் பிடிச்சுக்கொண்டு, அடுத்த ஆள் எழும்பி வருமட்டும் காத்துக்கொண்டு நிண்டா.