சிரட்டை மூடிய பொத்தான்

மணி அடித்தவுடன் செல்வரத்தினம் முதலில் செய்கிற வேலை, கையிலிருக்கும் தேநீரைக் குடித்து முடிப்பது. ஊர்காவற்றுறை ஐஸ் தொழிற்சாலையில் மற்ற எல்லாரும் ஓடுவார்கள். தொட்டியில் தகரப் பெட்டி இறக்குகிறவர்கள் போட்டது போட்டபடி ஓடுவார்கள். மீன் ஏற்ற வந்த வண்டிக்காரர் வாசலைப் பார்த்து ஓடுவார். அவர் மட்டும் கடைசி மிடறையும் விழுங்கி, கோப்பையைக் கவிழ்த்து வைத்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆறுதலாக எழும்புவார். "மெசின் நிண்ட பிறகுதான் மணி அடிக்கிறது. இனி ஓடி என்ன காணப்போறியள்?" என்பது அவருடைய கட்சி.

மெசினுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. அதில் இரண்டு விளக்குகள். மஞ்சள் எரிந்தால் தண்ணீரில் குறை. சிவப்பு எரிந்தால் குழாய்க்குள் வாயு சூடாகி அமுக்கம் ஏறிவிட்டது என்று பொருள். மெசின் தானாக நின்றுவிடும். சிவப்பு விளக்கின் கீழே ஒரு கறுப்புப் பொத்தான். அதை அமத்தினால் மணி ஓயும், மெசின் மறுபடி ஓடும். வேறு ஊர்களில் விரல் நேரே அங்கேதான் போகுமாம். இங்கே அந்தப் பொத்தானை ஒரு தேங்காய்ச் சிரட்டை மூடியிருக்கிறது. வலைநூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டு. முடிச்சு செல்வரத்தினத்தின் முடிச்சு. அவரைத் தவிர ஒருவருக்கும் அவிழாது. தொழிற்சாலையை நடத்துகிற மீனவர் சங்கத்தின் தலைவர் ஒருநாள் வந்து, "இதென்ன காணும் கூத்து?" என்று கேட்டார். "காரணம் தெரிஞ்சால் அவிழ்ப்பன். தெரியாட்டில் தலைவர் வந்தாலும் அவிழ்க்கன்" என்று சொல்லிவிட்டுச் செல்வரத்தினம் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐம்பத்திரண்டு வயது. சரவணையிலிருந்து சைக்கிளில் வருகிறார். ஐஸ் செய்கிற மனிதர் ஐஸ் போட்ட எதையும் தொடமாட்டார். தேநீர்கூட வாய் வெந்துபோகிற சூட்டில் இருக்கவேண்டும். காதில் பேனைக்குப் பதிலாகச் சோக்கட்டி செருகியிருக்கும். மணி அடித்த ஒவ்வொரு தடவையும் மெசினுக்குப் பின்சுவரில் திகதி, விளக்கின் நிறம், காரணம் மூன்றும் எழுதப்படும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். இந்தக் கரையின் கிணறுகள் உவர். நல்ல தண்ணீர் சரவணையிலிருந்து பவுசர் வண்டியில் வந்து ஐஸாகிறது. குழாயைக் குளிர்விக்க உவர்தான் ஓடவேண்டும். அந்த உவர் கேத்தலின் அடியில் பிடிக்கிற மாதிரிக் குழாய்க்குள் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். பனை ஈர்க்கைக் கட்டாகக் கட்டி உள்ளே விட்டுக் குடைவார். அமுக்கம் காட்டுகிற ஊசி இரண்டு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது. புதியதற்குக் கொழும்புக்கு எழுதி எழுதி அவர் ஓய்ந்துவிட்டார். ஆகவே ஊசிக்குப் பதில் உள்ளங்கை. குழாயில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை மணி விடாமல் அடித்ததைக் கேட்டு, துறைமுகத்துக் கடற்படைக்காரர் நாலுபேர் துவக்கோடு வந்து இறங்கினார்கள். அவர் சிவப்பு விளக்கைக் காட்டினார், குழாயைக் காட்டினார், ஐஸைக் காட்டினார். அவர்கள் போகும்போது இரண்டு கட்டி ஐஸோடு போனார்கள். "விளங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அதையும் சுவரில் எழுதினார்.

சிரட்டைக்கு ஒரு கதை இருக்கிறது. எண்பத்து நாலில், இறால் காலம். வாசலில் வியாபாரிகள் வரிசை. காலையிலிருந்து மூன்று தடவை சிவப்பு எரிந்தது, மூன்று தடவையும் அவர் பொத்தானை அமத்தினார். குழாயில் கை வைத்துப் பார்த்தார்; கை பயப்படத் தேவையில்லை என்றது. மூன்றாம் முறை மெசின் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குழாய்ப் பூட்டொன்று பிய்ந்து வாயு சீறியது. கீழே வாளியோடு குனிந்து நின்ற மார்க்கண்டுவின் முகத்தில்தான் அது பட்டது. கூட வேலை செய்த, முப்பத்தைந்து வயது மனிதன். இரண்டு கண்ணும் போயிற்று. பொத்தானை அமத்தியவருக்கு ஒரு கீறலும் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கரம்பொனுக்குப் போவார். மார்க்கண்டு வாசற் கதிரையில் இருந்தபடி சைக்கிள் சத்தத்தில் ஆளை மட்டுக்கட்டி, "இந்தக் கிழமை எத்தினை தரம் அண்ணை?" என்பார். செல்வரத்தினம் சுவரில் எழுதியதை மனப்பாடமாக ஒப்புவிப்பார். செவ்வாய் மஞ்சள், பம்பின் வார் அறுந்தது. வியாழன் சிவப்பு, உவர். கேட்டு முடிந்ததும் மார்க்கண்டுவின் மனைவி பரிமளம் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொண்டுவருவாள். அந்த வீட்டில் பழைய நாளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எண்பத்தாறு ஆவணியில் கடற்றொழிலாளி சூசைப்பிள்ளை செத்துப்போனார். கடலால் வந்து படுத்தவர், புதன்கிழமை காலை எழும்பவில்லை. மகன் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை வந்துவிட்டான். தீவுக்கு வருகிற பண்ணைப் பாதையை ஆமிக்காரர் பூட்டிவிட்டார்கள். அங்கேயே நின்று தபாற்கந்தோருக்குப் போன் பண்ணினான், தான் வரும் வரைக்கும் ஐயாவை எடுக்கவேண்டாம் என்று. பாதை பூட்டென்றால் பிரேதத்துக்கு மருந்தடிக்கிறவரும் வரமுடியாது, வேறிடத்து ஐஸும் வராது. புதனும் வியாழனும் செல்வரத்தினத்தின் ஐஸில்தான் பிரேதம் இருந்தது. கடற்படை கடலுக்குப் போக விடாததால் தொட்டியும் பாதிதான் ஓடியது. அன்றன்றைய ஐஸ் அன்றன்றைக்கு.

வெள்ளி காலை பத்து மணிக்குச் சிவப்பு எரிந்தது. கட்டி இறுக இன்னும் நாலு மணித்தியாலம் இருந்தது. கைவண்டியோடு வாசலில் நின்றாள், சூசைப்பிள்ளையின் மனைவி மேரிஜோசப்பின்.

"அண்ணை, நாளைக்குப் பாதை திறக்கிறாங்களாம். இண்டைக்கு மட்டும் இவரை வைச்சிருந்தால் காணும்."

"ஐஸ் இன்னும் இறுகேல்லைப் பிள்ளை. மெசின் நிண்டிட்டுது."

"அந்தப் பட்டனை ஒருக்கா அமத்தினால் ஓடுமாமே. உள்ளுக்கு நிக்கிற ஆக்கள் சொல்லுகினம்."

"ஓம், ஓடும்."

"பிறகென்ன அண்ணை?"

"ஏன் நிண்டதெண்டு தெரியாமல் ஏலாது."

அவள் திரும்பக் கேட்கவில்லை. கவிழ்த்துக் கிடந்த மீன் பெட்டியொன்றின் மேல் குந்திச் செபமாலையை எடுத்தாள். செல்வரத்தினம் குழாயில் கை வைத்தார். சூடு அவ்வளவாக இல்லை. ஆனால் அந்தக் கைதான் முன்னும் அப்படிச் சொன்னது; அவர் அதை நம்பவில்லை. குழாய்ப் பூட்டுகளைக் கழற்றி ஈர்க்கு விட்டார். போன மாதம் குடைந்த குழாய், வெள்ளையில்லாமல் சுத்தமாக இருந்தது. பம்பைக் கழற்றினார், பூட்டினார். வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். மத்தியானம் போயிற்று. வேலையாட்கள் அவரைப் பார்ப்பதும் சிரட்டையைப் பார்ப்பதுமாக நின்றார்கள். யாராவது வாயைத் திறந்திருந்தால் கடித்திருப்பார்.

நாலு மணிக்குக் கண்டுபிடித்தார். மெசினில் ஒரு குறையும் இல்லை. அமுக்கம் ஏறினால் விளக்கை எரியவைக்கிற சின்னப் பெட்டிக்குள், உப்புக்காற்றில் செம்பு நுனி களிம்பேறி, ஏறாத அமுக்கத்துக்கு விளக்கை எரித்திருந்தது. உரசுதாளால் நாலு தேய்ப்பு. முடிச்சை அவிழ்த்துப் பொத்தானை அமத்தினார். மெசின் ஓடியது. பத்து மணிக்கு அமத்தியிருந்தாலும் அது அப்படியேதான் ஓடியிருக்கும்.

ஆறு மணித்தியாலத்தில் தொட்டி இளகிவிட்டது; இனி இறுக விடிந்துவிடும். இருந்த பெட்டிகளைக் கவிழ்த்தார்; ஓரத்தில் விரற்கடை ஐஸ், நடுவே தண்ணீர். அதையும் உமி போட்டுச் சாக்கில் கட்டித் தானே தூக்கிக் கைவண்டியில் வைத்தார். அவள் தள்ளிக்கொண்டு போனாள். வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போனது. இனியும் வைத்திருப்பது அந்த மனுசனுக்குச் செய்கிற மரியாதையில்லை என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். பொழுதுபடுவதற்கு முன்பே அடக்கம் முடிந்தது.

சனி காலை பாதை திறந்தது. முதல் பஸ்ஸில் மகன் வந்தான். சவக்காலைக்குப் போய்விட்டு, பயணப் பையோடேயே தொழிற்சாலைக்கு வந்தான். அவன் சத்தம் போட்டிருந்தால் செல்வரத்தினத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போடவில்லை.

"ஒருக்கா அமத்தியிருக்கலாமே அண்ணை."

"ஓம் தம்பி" என்றார் அவர். மார்க்கண்டுவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் பெயரைச் சாட்டாகச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. பையன் ஓடுகிற மெசினைப் பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிறு கரம்பொனில் சுவர் ஒப்புவிப்பு. "வெள்ளி சிவப்பு" என்று சொல்லி நிறுத்தினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், மீன் பெட்டியில் இருந்த பெண்ணை, விரற்கடை ஐஸை, பையனின் பயணப் பையை. மார்க்கண்டு தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெசினிலை ஒண்டும் இல்லையோ அண்ணை?"

"ஒண்டுமில்லை. செம்பிலை களிம்பு."

மார்க்கண்டு கதிரைக் கையைத் தடவினார். "நானெண்டால் அமத்தியிருப்பன்" என்றார். "அந்தப் பெடியன் தேப்பன்ரை முகத்தை ஒருக்காப் பாத்திருப்பான்."

பரிமளம் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறி ஆடை படிந்தது. செல்வரத்தினம் அதைத் தொடாமலே சைக்கிளை எடுத்தார். இரண்டு வருடமாக யாருக்காக அந்தச் சிரட்டையைக் கட்டி வைத்திருந்தாரோ, அந்த ஆளே இப்படிச் சொன்ன பிறகு அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொப்பும் இல்லாமல் போயிற்று.

திங்கள் காலை மணி அடித்தபோது கோப்பையில் பாதித் தேநீர் இருந்தது. செல்வரத்தினம் அதை நிலத்தில் வைத்துவிட்டு ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். சிவப்பு. இடது கையைக் குழாயில் வைத்தார். வலது கையால் முடிச்சை அவிழ்த்து, சிரட்டையை வாயில் கவ்விக்கொண்டு, பெருவிரலைப் பொத்தானின் மேல் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விரல் அங்கேயே இருந்தது, அமத்தவில்லை. வெகுநேரம் கழித்து அதை எடுத்தார். வாயிலிருந்த சிரட்டையைப் பொத்தானின் மேல் கவிழ்த்து, நூலைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டினார். பிறகு பல்லால் இன்னொரு முழம் வலைநூலைக் கடித்து அறுத்து, முதல் முடிச்சின் மேல் இரண்டாவது முடிச்சைப் போட்டார்.